வாய்வழிப் பாலுறவில் உறையும் தாளும்: முழுமையான வழிகாட்டி

ஆணுறைக்கு நாம் வைத்த பொதுப்பெயர் 'கருத்தடைச் சாதனம்'. பாதிக் குழப்பம் அந்தப் பெயரிலேயே தொடங்கிவிடுகிறது. தலைகீழ்ச் சிவப்பு முக்கோணம், 'நாம் இருவர் நமக்கு இருவர்' சுவரெழுத்து, 1968-ல் மூன்று உறை 15 பைசா என்று பெட்டிக்கடை வரை வந்த நிரோத் என எல்லாமே குடும்பக் கட்டுப்பாட்டின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நம் வீடுகளுக்குள் வந்தன. (நிரோத்துக்கு முதலில் 'காமராஜ்' என்று பெயரிட யோசித்தார்களாம். காங்கிரஸ் தலைவரின் பெயரும் அதுவாக இருந்ததால் கைவிட்டதாக ஒரு கதை உண்டு. நல்லவேளை.) அதனால் கரு உண்டாக வழியே இல்லாத இடத்தில் உறை எதற்கு என்று ஒருவர் கேட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. வாயால் கர்ப்பம் தரிக்காது, ஆகவே பயமில்லை என்பதுதான் நம் ஊரில் பரவலான கணக்கு.

அந்தக் கணக்கு கர்ப்பத்தைப் பொறுத்தவரை சரி. நோய்த்தொற்றைப் பொறுத்தவரை தவறு. இந்தக் கட்டுரை இரண்டாவதைப் பற்றியது. பிறப்புறுப்பிலோ மலவாயிலோ வாய் வைக்கும்போது தொற்றைத் தடுக்க, ஆண்குறிக்கு ஆணுறையும் பெண்ணுறுப்புக்கும் மலவாய்க்கும் ஒரு மெல்லிய ரப்பர் தாளும் பயன்படும். 18 வயது நிறைந்து, இருவரும் மனமொத்து ஈடுபடுகிறவர்களுக்காக எழுதுகிறேன். வெட்கப்பட்டுச் சொற்களை மறைத்தால் வழிகாட்டி என்ற பெயருக்கே பொருள் இருக்காது என்பதால் உறுப்புகளை அவற்றின் பெயராலேயே சொல்லப்போகிறேன்.

சட்டத்தையும் ஒரு வரியில் முடித்துவிடலாம். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவு, கணவன் மனைவிக்கிடையிலான வாய்வழிப் பாலுறவையும் 'இயற்கைக்கு மாறானது' என்ற வலைக்குள் வைத்திருந்தது. வயதுவந்தவர்கள் சம்மதத்தோடு தனிமையில் செய்வது குற்றமாகாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. இதைப் பற்றிப் பொதுவில் பேசத் தயங்கியதற்கு அந்தப் பிரிவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

எதைத் தடுக்கிறோம்

பெரும்பாலோர் மனத்தில் முதலில் வருவது எச்.ஐ.வி. புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா என்று சுவரெல்லாம் கேட்ட தலைமுறை நாம். ஆனால் வாய்வழியாக எச்.ஐ.வி. தொற்றுவதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. வாயில் புண், ஈறில் இரத்தக்கசிவு, வாய்க்குள் விந்து வெளியேறுதல் ஆகியவை சேரும்போது அந்த வாய்ப்பு கொஞ்சம் கூடும். அவ்வளவுதான். எல்லோரும் பயப்படும் நோய் இந்த வழியில் அரிது. யாரும் பயப்படாத நோய்கள் இந்த வழியில் எளிது.

கொனோரியா முதலில் நிற்கிறது. நம் பெரியவர்கள் வெட்டை என்றார்கள். இது தொண்டையில் குடியேறினால் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. லேசான தொண்டைக் கரகரப்பு வந்தாலும் ஐஸ் தண்ணீர் குடித்ததன் பலன் என்று நினைத்து உப்புத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டுப் போய்விடுவோம். தொண்டையில் இருக்கும் கொனோரியாவைக் குணப்படுத்துவது பிறப்புறுப்பில் இருப்பதைக் குணப்படுத்துவதைவிடக் கடினம். அந்த நோய்க்குக் கடைசி ஆயுதம் போல வைத்திருக்கும் செஃப்ட்ரியாக்ஸோன் ஊசிக்கு மிகக் கடுமையாக எதிர்த்து நின்ற முதல் கிருமி வகை 2009-ல் ஜப்பானின் கியோட்டோவில் கண்டெடுக்கப்பட்டது. எடுத்த இடம் ஒருவரின் தொண்டை.

அடுத்தது சிபிலிஸ். தொட்ட இடத்தில் வலியில்லாத ஒரு புண்ணாகத் தொடங்கும். உதட்டில், நாக்கில், தொண்டையில் எங்கும் வரலாம். தொற்றிய 10 நாளிலிருந்து 90 நாளுக்குள், சராசரியாக மூன்று வாரத்தில் தோன்றி, மருந்தில்லாமலே ஆறிவிடும். புண் ஆறினாலும் நோய் உள்ளேயே இருக்கும். வலிக்காத புண்ணை யார் மருத்துவரிடம் கொண்டுபோகிறார்கள்?

ஹெர்ப்பிஸ் இன்னும் வீட்டுக்குள் இருப்பது. காய்ச்சலுக்குப் பின் உதட்டோரம் கொத்துக் கொத்தாக வரும் கொப்புளம் பெரும்பாலும் இதன் முதல் வகை. உலகில் 50 வயதுக்குட்பட்டோரில் மூன்றில் இரண்டு பங்கினர் இதைச் சுமப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் 2016-ஆம் ஆண்டு மதிப்பீடு சொல்கிறது. உதட்டிலிருந்து பிறப்புறுப்புக்கு இது எளிதாக இறங்கும். இதை அக்கி என்று எண்ணிக் காவி எழுதிக்கொள்கிறவர்கள் உண்டு. அக்கி வேறொரு வைரஸின் வேலை. எழுதினாலும் எழுதாவிட்டாலும் அந்தக் கொப்புளம் காய்ந்து தோல் மூடும்வரை அந்த வாய்க்கு விடுமுறை.

மனித பாப்பிலோமா வைரஸ் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் என்பது பலருக்கும் தெரியும். அதே வைரஸின் 16-ஆம் வகை தொண்டையின் பின்பகுதியிலும் நாக்கின் வேர்ப்பகுதியிலும் புற்றுநோயை உண்டாக்கக்கூடும். நம் நாட்டில் வாய்ப் புற்றுநோய்க்குப் புகையிலையும் பாக்கும்தான் முதல் குற்றவாளிகள். இது அவற்றோடு சேரும் இன்னொன்று. கொனோரியாவைப் போன்ற பாக்டீரியாத் தொற்றான கிளமிடியா, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி ஆகியவையும் பட்டியலில் இருக்கின்றன. மலவாயில் வாய் வைக்கும்போது ஹெபடைட்டிஸ் ஏ, ஷிகெல்லா, அமீபா, குடற்புழு என்று அசுத்தத் தண்ணீரால் வரும் அத்தனையும் வந்து சேரலாம்.

உறை இவை அனைத்தையும் முழுதாக நிறுத்தும் என்று சொல்ல மாட்டேன். திரவத்தின் வழியாகப் பரவும் கொனோரியா, கிளமிடியா, எச்.ஐ.வி. ஆகியவற்றுக்கு நல்ல தடுப்பு. தோலோடு தோல் உரசிப் பரவும் ஹெர்ப்பிஸ், சிபிலிஸ், பாப்பிலோமா ஆகியவற்றுக்கு, உறை மூடிய இடத்தில் மட்டும் தடுப்பு. விதைப்பையிலோ தொடை இடுக்கிலோ புண் இருந்தால் ஆண்குறியில் மாட்டிய உறைக்கு அங்கே வேலையில்லை.

கடையில் எதை எடுப்பது, எதை விடுவது

ஆண்குறிக்குச் சாதாரண ஆணுறையே போதும். சுவையூட்டிய உறைகள் உண்மையில் இந்தப் பயன்பாட்டுக்காகவே வந்தவை. ஸ்ட்ராபெரி, சாக்லேட் வாசனை விளம்பர ஆடம்பரம் என்று நினைத்தவர்கள் இப்போது காரணத்தைத் தெரிந்துகொள்ளலாம். வெறும் லேடெக்ஸின் ரப்பர் வாடை வாய்க்குப் பிடிக்காது. ஒன்று மட்டும் கவனியுங்கள்: சுவையூட்டிய உறையோடு அப்படியே யோனிப் புணர்ச்சிக்குப் போகாதீர்கள். அதில் சேர்த்த இனிப்பும் வாசனையும் சிலருக்கு யோனியில் எரிச்சலையோ பூஞ்சைத் தொற்றையோ தரலாம். எப்படியும் புதிய உறைக்கு மாறத்தான் வேண்டும்.

'நீண்ட நேரம்', 'தாமதம்' என்று அட்டையில் எழுதிய உறைகளை வாய்வழிக்கு வாங்கவே வாங்காதீர்கள். நம் மருந்துக் கடைகளில் கேட்காமலேயே எடுத்துத் தரும் சரக்கு இதுதான். உள்ளே பென்சோகெய்ன் போன்ற மரத்துப்போகச் செய்யும் மருந்து தடவியிருப்பார்கள். பல் பிடுங்கும்போது ஈறு மரத்துப்போகுமே, அதே வேலையை நாக்கிலும் தொண்டையிலும் செய்யும். உறையைத் தலைகீழாக மாட்டி எடுத்தாலோ விளிம்பில் கசிந்தாலோ வாய்க்குள் வந்துவிடும். விந்தணுக்கொல்லியான நானாக்சினால்-9 கலந்தவற்றையும் தள்ளுங்கள். கசக்கும், மென்சவ்வை எரிக்கும். அந்த எரிச்சலே கிருமிக்கு வாசலைத் திறந்துவிடும்.

லேடெக்ஸ் ஒவ்வாமை இருக்கிறதா? பலூன் ஊதினால் உதடு வீங்குகிறவர், ரப்பர் கையுறை போட்டால் கை தடிக்கிறவர் அட்டையைப் படித்துப் பாலிஐசோப்ரீன் அல்லது பாலியூரித்தேன் உறையைத் தேடுங்கள். பெண்ணுறை, நைட்ரைல் என்ற செயற்கை ரப்பரில் கிடைக்கிறது.

வாங்கும் அனுபவத்தைப் பற்றி ஒரு சொல். செய்தித்தாளில் சுற்றி, அதைக் கறுப்புப் பையில் போட்டு, ஏதோ கடத்தல் பொருளைக் கொடுப்பதுபோல் நீட்டுவார்கள். அந்த அவசரத்தில் காலாவதித் தேதியைப் பார்க்காமல் வந்துவிடுகிறோம். கடை வாசலிலேயே பாருங்கள். வெட்கமாக இருந்தால் இணையத்தில் வாங்கலாம். அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கும். வாங்கியதை மணிபர்ஸில் மாதக்கணக்கில் மடித்து வைக்காதீர்கள். மே மாத வெயிலில் ஸ்கூட்டர் பெட்டிக்குள் வெந்த உறை, தேதி மீதமிருந்தாலும் கெட்ட உறைதான்.

பெண்ணுறுப்புக்கும் மலவாய்க்கும் வேண்டியது ஒரு தட்டையான தாள். மேல்நாடுகளில் டென்டல் டேம் என்பார்கள். பெயரைப் பார்த்தே ஊகிக்கலாம், பல் மருத்துவரிடமிருந்து வந்தது. 1864-ல் நியூயார்க் பல் மருத்துவர் சான்ஃபோர்டு பார்னம், பல்லை அடைக்கும்போது எச்சில் படாமலிருக்க ரப்பர் தாளில் துளையிட்டுப் பல்லைச் சுற்றி மாட்டினார். இன்றும் பல்வேர் சிகிச்சைக்கு அதே தாள்தான். அது பின்னாளில் படுக்கையறைக்கும் வந்தது. நம் ஊர் மருந்துக் கடையில் கேட்டால் விழிப்பார்கள். பல் மருத்துவப் பொருள் விற்கும் கடைகளிலும் இணையத்திலும் 'ரப்பர் டேம்' என்று 6 அங்குலச் சதுரமாகப் பெட்டியில் கிடைக்கும். மெல்லியது, நடுத்தரம், கனமானது என்று வகையிருக்கும். மெல்லியதையே எடுங்கள், அதுவே 0.15 மில்லிமீட்டர். துளையிட்டு வருவதை வாங்கிவிடாதீர்கள். 2022-ல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இதற்கென்றே செய்த மெல்லிய லேடெக்ஸ் உள்ளாடை ஒன்றுக்கு அனுமதி தந்தது. அதை நம் தெருமுனையில் எதிர்பார்க்க வேண்டாம்.

பெட்டியாக வாங்க மனமில்லாதவர்களுக்கு ஒரு கத்தரிக்கோலும் ஓர் ஆணுறையும் போதும். செய்முறை கீழே வருகிறது.

ஆணுறையோடு: படிப்படியாக

முதலில் உறைப் பையை இரு விரலால் அழுத்திப் பாருங்கள். உள்ளே காற்று மெத்தென்று தடுக்க வேண்டும். தடுக்காவிட்டால் எங்கோ ஓட்டை, தூக்கிப் போடுங்கள். உறையை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, பையின் பல் வெட்டிய விளிம்பில் கையால் கிழியுங்கள். வாயால் கடித்துக் கிழிக்கும் சினிமாப் பழக்கம் உறையையும் சேர்த்துக் கிழிக்கும்.

ஆண்குறி நன்றாக விறைத்த பின், வாய் தொடுவதற்கு முன் போட வேண்டும். இந்த 'முன்' தான் பலரும் தவறவிடும் இடம். கொஞ்ச நேரம் உறையில்லாமல், பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதால் பயனில்லை. விந்துக்கு முன்னரே கசியும் திரவத்திலும் தோலிலும் கிருமி இருக்கலாம்.

உறை எந்தப் பக்கம் உருளும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். சரியான பக்கமென்றால் சுருள் வெளிப்புறம் தொப்பி ஓரம்போல் நிற்கும். தவறாக வைத்து உருளவில்லையென்றால் திருப்பி வைக்காதீர்கள். வாய் படப்போகும் பக்கத்தில் இப்போது கசிவு ஒட்டிவிட்டது, புதியதை எடுங்கள். முன்தோலைப் பின்னுக்கு இழுத்து, உறை நுனியைக் கிள்ளிக் காற்றை வெளியேற்றியபடி வைத்து, அடிவரை உருட்டுங்கள். பாதியில் நிறுத்தினால் நழுவும். நுனிக்குள் ஒரே ஒரு துளி நீர் சார்ந்த ஜெல் விட்டால் ஆணுக்கு உணர்ச்சி கூடும். உறை போட்டால் ஒன்றும் தெரியவில்லை என்ற புகார் பாதி இதிலேயே தீர்ந்துவிடும். இரண்டு துளி விட்டால் உறை வழுக்கிக் கழன்றுவிடும், சிக்கனமாக இருங்கள்.

வெளிப்புறத்துக்கு எச்சிலே போதும். பற்கள் படாமல் உதட்டால் மூடிக்கொள்ளுங்கள். கூரான பல், உடைந்த பல் ஓரம், பல்லில் மாட்டும் கம்பி உள்ளவர்கள் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். நடுவில் உறை மேலேறி வருகிறதா என்று அவ்வப்போது விரலால் அடியைத் தொட்டுப் பாருங்கள்.

இப்போது தேங்காய் எண்ணெய்க்கு வருகிறேன். தலைக்கு, தோலுக்கு, சமையலுக்கு, சாமி விளக்குக்கு என்று எதற்கும் அதைத் தேடும் ஊர் இது. படுக்கையிலும் கை அங்கேதான் போகும். லேடெக்ஸும் எண்ணெயும் பகையாளிகள். எண்ணெய் பட்ட லேடெக்ஸ் சில நிமிடங்களிலேயே வலுவிழந்து, கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விடும். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், நெய், வெண்ணெய், வாஸ்லின், குழந்தை எண்ணெய் என எதுவும் கூடாது. உதட்டுச் சாயத்தையும் உதட்டு வெடிப்புக்குத் தடவும் பாமையும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அவற்றிலும் மெழுகும் எண்ணெயும்தான். வாய்வழிக்கு முன் துடைத்துவிடுங்கள். நீர் அல்லது சிலிக்கோன் சார்ந்த ஜெல் மட்டுமே லேடெக்ஸுக்கு நட்பு.

விந்து வெளியேறியதும் விறைப்பு தளர்வதற்குள், அடி விளிம்பைப் பிடித்தபடி வாயிலிருந்து விலக்கி, உறையைக் கழற்றுங்கள். முடிச்சுப் போட்டுக் காகிதத்தில் சுற்றிக் குப்பைத்தொட்டியில் போடுங்கள். கழிப்பறையில் போட்டால் அடைத்துக்கொள்ளும், பிறகு அதைச் சரிசெய்ய வருபவர் முன்னால் நிற்பது எந்தக் கடைக்காரர் முன்னாலும் நின்றதைவிடச் சங்கடம். வாயிலிருந்து யோனிக்கோ மலவாய்க்கோ மாறுவதானால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் புது உறை.

தாள் செய்வது

கையைக் கழுவித் துடையுங்கள். நகம் நீளமாக இருந்தால் வெட்டிவிடுவது நல்லது. சுத்தமான கத்தரிக்கோலை எடுங்கள். சுவையூட்டிய உறையோ, சாதாரண உறையோ எடுத்துக்கொள்ளலாம். மேலே தள்ளச் சொன்ன இரண்டு வகைகள் வேண்டாம்.

1. உறையைப் பிரித்து, மேசைமேல் முழு நீளத்துக்கு உருட்டி விடுங்கள்.
2. நுனியில் மொட்டுப்போல் இருக்கும் பகுதியை வெட்டி நீக்குங்கள்.
3. மறுமுனையில் தடித்த வளையத்தை வெட்டி எடுங்கள். இப்போது கையில் இருப்பது இருபுறமும் திறந்த ஒரு குழல்.
4. கத்தரிக்கோலின் ஒரு அலகை உள்ளே விட்டு, நீளவாக்கில் ஒரே பக்கம் வெட்டுங்கள். விரித்தால் செவ்வகத் தாள்.

தட்டையாக 52, 53 மில்லிமீட்டர் அகலமுள்ள வழக்கமான உறை, விரித்ததும் 10 செண்டிமீட்டருக்குச் சற்று அதிகமான அகலம் தரும். பல் மருத்துவத் தாளைவிடச் சிறியது. ஆனால் தடிமன் அதில் பாதிக்கும் குறைவு என்பதால் வெப்பமும் தொடுகையும் நன்றாகத் தெரியும். என்னைக் கேட்டால் இதையே தேர்ந்தெடுப்பேன். குறை ஒன்றுதான்: உறையில் தடவியிருக்கும் சிலிக்கோன் விரலில் வழுக்கும். ஓரங்களை மட்டும் மெல்லிய துணியால் துடைத்துக்கொண்டால் பிடி கிடைக்கும்.

நைட்ரைல் கையுறையிலிருந்தும் செய்யலாம். கொரோனாவுக்குப் பிறகு நீல நிறக் கையுறையை அறியாதவர் இல்லை. நான்கு விரல்களையும் அடியோடு வெட்டி நீக்குங்கள். கட்டைவிரலை விட்டுவைத்து, அதற்கு எதிர்ப்பக்க ஓரத்தைக் கிழித்து விரியுங்கள். நடுவில் கட்டைவிரல் பகுதி ஒரு சிறு பைபோல் நிற்கும், நாக்கு அதற்குள் போகலாம். லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு எளிதான வழி இது. பவுடர் இல்லாத கையுறையாகப் பாருங்கள்.

சமையலறையில் உணவைச் சுற்றும் ஒட்டுத்தாளைப் பற்றியும் கேட்பார்கள். அது கிருமித் தடுப்புக்கென்று சோதிக்கப்பட்ட பொருளன்று. நழுவும், மடியும், சுருண்டு ஒட்டிக்கொள்ளும். ஆணுறை கிடைக்கும் ஊரில் அதைத் தேடிப் போவதற்குக் காரணம் எனக்குத் தெரியவில்லை.

தாளைப் பயன்படுத்துவது

விளக்கு வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்து ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். பல் மருத்துவத் தாளில் பவுடர் தூவியிருந்தால் தண்ணீரில் அலசித் துடைத்துக்கொள்ளுங்கள். ஒரு மூலையில் பேனாவால் சிறு எழுத்து ஒன்று எழுதுங்கள். எழுத்துள்ள பக்கம் வாய்க்கு, எழுதாத பக்கம் உடலுக்கு. கலவிக்கு நடுவில் தாள் கீழே விழுந்துவிட்டால் எந்தப் பக்கம் எது என்று இருட்டில் தேடுவதிலிருந்து இந்தச் சின்ன வேலை காப்பாற்றும். விழுந்த தாளைப் புரட்டி வைப்பதும் தாளே இல்லாமலிருப்பதும் ஒன்று.

உடலைத் தொடும் பக்கத்தில் நீர் சார்ந்த ஜெல் சில துளிகள். இதைத் தவிர்த்துவிடுகிறவர்கள்தான் தாள் உறுத்துகிறது, ஒன்றும் உணர முடியவில்லை என்கிறார்கள். ஜெல் இருந்தால் தாள் தோலோடு ஒட்டிக்கொண்டு நாக்கின் அசைவை அப்படியே கடத்தும். யோனியின் வெளியிதழ்கள், மேலே சிறு மொட்டுப்போல் இருக்கும் கிளிட்டோரிஸ், யோனிவாய் ஆகியவை மூடும்படி விரியுங்கள். முரசுத் தோல்போல் இழுத்துப் பிடிக்காதீர்கள், தளர்வாக இருக்கட்டும். இரண்டு ஓரங்களையும் கையால் பிடித்திருக்க வேண்டும். வாய் வைப்பவரே பிடித்தால் அவருடைய இரண்டு கையும் கட்டிப்போட்டதுபோல் ஆகிவிடும். படுத்திருப்பவர் பிடித்துக்கொள்வது இருவருக்கும் வசதி. எங்கே அழுத்தம் வேண்டும் என்று அவரே நகர்த்தியும் காட்டலாம்.

மாதவிடாய் நாட்களில் தாள் இன்னும் அவசியம். இரத்தத்தின் வழியாகப் பரவும் கிருமிகளுக்கு அது நேரான பாதை.

மலவாய்க்குத் தனித்தாள். அங்கிருந்து யோனிக்கு அதே தாளை நகர்த்தவே கூடாது. பால்வினை நோய் மட்டுமல்ல, குடல் கிருமியும் யோனிக்கும் சிறுநீர்ப் பாதைக்கும் போய் எரிச்சலோடு காய்ச்சலையும் கொண்டுவரும். முன்கூட்டிச் சோப்பு, தண்ணீர் கொண்டு வெளிப்புறத்தைக் கழுவுவது பாதி வேலையை முடித்துவிடும். பயன்படுத்திய தாள் ஒருமுறைக்குத்தான். கழுவிக் காயவைத்து மறுபடி எடுக்க அது பால் பாக்கெட் அல்ல.

வாயின் நிலை

உறையைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு வாயை மறந்துவிடக் கூடாது. சுத்தமாக இருக்க வேண்டுமென்று வாய்வழிப் பாலுறவுக்குச் சற்று முன் பல் துலக்குகிறவர்கள் உண்டு. நோக்கம் நல்லதுதான், நேரம் தவறு. துலக்கும்போதும் பல்லிடுக்கை நூலால் சுத்தம் செய்யும்போதும் ஈறில் நுண்ணிய காயம் உண்டாகும். தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் போதும். கிருமிநாசினித் திரவத்தால் கொப்பளித்துவிட்டால் உறை வேண்டாம் என்பதும் ஆதாரமில்லாத ஆறுதல்.

பாக்கு, பான், குட்கா மெல்லுகிறவர்களின் வாய்க்குள் உட்சவ்வு ஏற்கெனவே வெந்து, வெடித்திருக்கும். அவர்களுக்கு உறை கட்டாயம். வாய்ப்புண், பல் பிடுங்கிய காயம் இருப்பவர்கள் ஆறும்வரை பொறுக்கலாம். உறையில்லாதவர்களுக்கு ஓர் இலவச எச்சரிக்கை: ஆவக்காய் ஊறுகாய் சாப்பிட்ட வாய். மிளகாயின் காரம் எச்சிலோடு மென்மையான இடத்தில் பட்டால் அன்றைய இரவு அத்தோடு முடிந்தது.

எப்படிப் பேச்செடுப்பது

பொருள் வாங்குவதைவிட, வெட்டுவதைவிட, இதுதான் கடினம். உறை என்ற சொல்லை எடுத்த உடனே 'என்னைச் சந்தேகப்படுகிறாயா?' என்ற கேள்வி பாய்ந்து வரும். அதுவும் கருத்தடைச் சாதனம் என்ற பழைய பெயரின் மிச்சம்தான். கருவுக்கு வழியில்லாத இடத்தில் உறை கேட்டால் நடத்தையைக் கேட்பதாகவே காதில் விழுகிறது. ஆகவே நடத்தையைத் தொடாமல் உடலைச் சொல்லுங்கள். "எனக்கு அடிக்கடி உதட்டில் கொப்புளம் வரும், உங்களுக்கு ஒட்டக்கூடாது" என்று தன்னிடமிருந்து தொடங்குவது எளிது. ஹெர்ப்பிஸ் எத்தனை பேரிடம் இருக்கிறது என்று மேலே பார்த்தோம், ஆகவே இது சாக்குப்போக்கும் அல்ல. படுக்கையில், அந்த நொடியில் பேசாதீர்கள். மாலையில் காபி குடிக்கும்போது பேசுங்கள். முதல்முறை தாளைச் சும்மா கையில் எடுத்து, உள்ளங்கையில் வைத்து நாக்கால் தொட்டுப் பார்த்துச் சிரித்துவிட்டால் பாதிக் கூச்சம் போய்விடும்.

இருவரும் சோதனை செய்துகொண்டு, இருவருக்கும் வேறு துணையில்லை என்ற நிலையில் உறையை விட்டுவிடுகிற தம்பதிகள் தவறு செய்வதாக நான் சொல்ல மாட்டேன். புதிய உறவு, ஒன்றுக்கு மேற்பட்ட துணை, யாருக்காவது புண் அல்லது கசிவு, சோதனை செய்யாத கடந்த காலம் ஆகியவற்றில் ஒன்றிருந்தாலும் உறையோடு இருங்கள். உறையோடும் விருப்பமில்லை என்று ஒருவர் சொன்னால் பேச்சு அங்கே முடிகிறது. கணவன் என்பதாலோ மனைவி என்பதாலோ வாய்வழிப் பாலுறவு கடமையாகிவிடாது.

உறைக்கு எட்டாத இடத்தில் தடுப்பூசி எட்டும். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியைச் சிறுவயதில் போடாதவர்கள் 0, 1, 6 மாதங்களில் மூன்று தவணையாகப் போட்டுக்கொள்ளலாம். பாப்பிலோமா வைரஸுக்கு 2023 முதல் இந்தியத் தயாரிப்பான செர்வாவேக்கும் கிடைக்கிறது. 16, 18 உள்ளிட்ட நான்கு வகைகளுக்கு எதிரானது. பாலுறவு தொடங்குவதற்கு முன் போட்டால் பலன் அதிகம். பிறகும் போடலாமா என்பதை வயதை வைத்து மருத்துவர் சொல்வார்.

உறை கிழிந்தால், சோதனைக்குப் போனால்

நடுவில் கிழிந்தது தெரிந்தால் நிறுத்துங்கள். வாய்க்குள் திரவம் வந்திருந்தால் துப்பிவிட்டுத் தண்ணீரால் கொப்பளியுங்கள். பல் துலக்கித் தேய்க்காதீர்கள். துணைக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரியும், வாயில் புண்ணும் இருந்தது என்ற நிலையானால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவரைப் பாருங்கள். தடுப்பு மருந்து தேவையா என்று அவர் முடிவு செய்வார். சீக்கிரம் தொடங்கினால்தான் அந்த மருந்து பயன் தரும்.

மற்றவற்றுக்குப் பொறுமையாகச் சோதிக்கலாம். கொனோரியாவுக்கும் கிளமிடியாவுக்கும் இரண்டு வாரம் கழித்து எடுக்கும் சோதனை நம்பகமானது. சிபிலிஸ், எச்.ஐ.வி. இரத்தச் சோதனைகளை ஒருமுறை எடுத்துவிட்டு, மூன்று மாதம் முடிந்ததும் மறுபடி எடுங்கள். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. சோதனைக்கு நம்பிக்கை மையம், பால்வினை நோய்ச் சிகிச்சைக்குச் சுகவாழ்வு மையம் என்று கேட்டுப் போகலாம், கட்டணமில்லை. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் கட்டணமில்லா எண் 1097. உங்கள் சம்மதமில்லாமல் எச்.ஐ.வி. சோதனை செய்யவோ, முடிவை வெளியில் சொல்லவோ 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் தடை போடுகிறது.

மருத்துவர் முன் உட்கார்ந்ததும் 'சும்மா ஒரு செக்கப்' என்று சொல்லிவிட்டு வந்தால் சிறுநீரும் இரத்தமும் எடுத்து அனுப்பிவிடுவார்கள். வாய்வழிப் பாலுறவு உண்டு என்பதைத் தெளிவாகச் சொல்லி, தொண்டையிலும் பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுக்கும்படி கேளுங்கள். தொண்டையில் இருக்கும் கொனோரியா சிறுநீர்ச் சோதனையில் தெரியாது. சிகிச்சை எடுத்துக்கொண்டால் ஒன்று, இரண்டு வாரம் கழித்துத் தொண்டையை மட்டும் மறுபடி சோதித்துப் போய்விட்டதா என்று பார்ப்பார்கள். அதுவரை, துணையும் மருந்து எடுத்து முடிக்கும்வரை, உறையோடுகூட வேண்டாம்.